தீர்ப்புக்கு மறுநாள்: ஜீவனாம்சத்தை வசூலிப்பது யார் வேலை?

"மனுதாரருக்கு மாதம் 8,000 ரூபாயும், மைனர் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாயும் ஒவ்வொரு ஆங்கில மாதமும் 10-ஆம் தேதிக்குள் எதிர்மனுதாரர் செலுத்த வேண்டும்." நம் குடும்பநல நீதிமன்றங்களில் ஜீவனாம்ச உத்தரவுகள் ஏறக்குறைய இப்படித்தான் முடியும். தொகையும் தேதியும் வழக்குக்கு வழக்கு மாறும். 11-ஆம் தேதி பணம் வந்து சேரவில்லையென்றால் என்ன ஆகும் என்று மட்டும் உத்தரவில் இருக்காது. உண்மையில் அன்று எதுவுமே ஆகாது. நீதிமன்றத்தில் எந்த எழுத்தரும் பதிவேட்டைப் புரட்டி, யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பார்ப்பதில்லை. பணம் வரவில்லை என்று போய்ச் சொல்ல வேண்டியவர், அந்தப் பணம் வராததால் ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்தான். அவர் மறுபடி வக்கீலைப் பார்த்து, மறுபடி ஒரு மனு போட்டு, மறுபடி பேட்டா கட்டி, மறுபடி வாய்தாவுக்கு வர வேண்டும்.

மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிக்க ஓர் ஊழியர் வருகிறார். நீதிபதி கையெழுத்திட்ட ஜீவனாம்ச பாக்கியைக் கேட்டு வர அரசின் சார்பில் ஒருவரும் இல்லை.

விவாகரத்து, ஜீவனாம்சம் பற்றி நாம் பத்திரிகைகளில் எழுதுவதும் வாதாடுவதும் பெரும்பாலும் தீர்ப்பு நாள்வரைதான். யாருக்கு எவ்வளவு, அது நியாயமா, அநியாயமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தீர்ப்புக்குப் பிறகுதான் இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டமே தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. அது தர்பங்கா சமஸ்தானத்துக் கடன் வழக்கு. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2025 அக்டோபரில், நாடு முழுவதும் 8.82 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடக்கின்றன என்ற கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 86 ஆயிரத்துக்கு மேல். நிலத் தகராறு, கடன், வாடகை என எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அந்த வரிசையின் வாலில் ஜீவனாம்சமும் நிற்கிறது. நிலத்துக்காகக் காத்திருப்பவர் பத்தாண்டு காத்திருந்தாலும் நிலம் அங்கேயே இருக்கும். இந்த மாத அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமான பணம் பத்தாண்டு கழித்து வந்தால், அந்தக் குழந்தையே கல்லூரியை முடித்திருக்கும்.

ஒரு பழைய சட்டத்தின் பிறவிக் குணம்

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. மதம் எதுவானாலும் எல்லோருக்கும் பொதுவான ஜீவனாம்ச வழி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 488, 1973 சட்டத்தில் பிரிவு 125, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 144. எண்தான் மாறியிருக்கிறது, உள்ளடக்கம் பெரும்பாலும் அதேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு வடிவம் கொடுத்த ஆங்கிலச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனின் பார்வையில், இது ஆதரவற்றோர் தெருவில் அலைவதையும் அதன் விளைவுகளையும் தடுக்கும் ஏற்பாடு. மனைவியின் உரிமை என்பதைவிட, ஊரில் பிச்சைக்காரர் பெருகக் கூடாது என்பதுதான் அக்கறை. அதனால்தான் அது குற்றவியல் பக்கம் போனது. சின்னத் தொகை, சுருக்கமான விசாரணை, கட்டாவிட்டால் சிறை என்ற அமைப்பு வந்தது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்ற உச்சவரம்பு 2001 வரை நீடித்தது. நாட்டையே இரண்டாகப் பிரித்து விவாதிக்க வைத்த 1985-ஆம் ஆண்டு ஷா பானு வழக்கில், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் நிர்ணயித்திருந்த தொகை மாதம் 179 ரூபாய் 20 காசு.

உச்சவரம்பு போய்விட்டது. வசூல் முறை மட்டும் அந்தக் காலத்துச் சின்னத் தொகைக்கு ஏற்றபடியே இருக்கிறது. அதன்படி, போதிய காரணமின்றிப் பணம் கட்டாதவர் மீது, அபராதத்தை வசூலிக்கும் முறையிலேயே நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கலாம். அசையும் பொருள்களை ஜப்தி செய்யலாம். அல்லது நிலவரி பாக்கியைப்போல வசூலிக்கும்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம். அப்படியும் வசூலாகாத பாக்கிக்கு, மாதத் தொகை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குமுன் கட்டிவிட்டால் கட்டும்வரை, சிறை. இவை எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பணம் சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும்.

இந்த ஓராண்டு விதியில் ஏமாந்தவர்கள் ஏராளம். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று ஆள் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்ப்பார்கள். பெண்ணின் வீட்டாரும் "இன்னொரு தரம் கோர்ட்டு வேண்டாம்" என்பார்கள். பதினான்காவது மாதம் மனு போட்டால், முதல் இரண்டு மாதத் தொகை இந்தத் துரித வழியில் கைவிட்டுப் போயிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கில் 2013-ல் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. பாக்கி கேட்டு முன்பே மனு போட்டிருந்தும், அது நிலுவையில் இருக்கையில் ஏறிய தொகைக்கு ஓராண்டு வரம்பைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் வெட்டிவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஓராண்டு விதி, ஜீவனாம்சம் பெறும் உரிமையைப் பறிப்பதற்கு இல்லை; துரித வழியைப் பயன்படுத்தும் காலத்தை வரையறுப்பதற்குத்தான் என்றது. மனு நிலுவையில் இருக்கும்போது ஏறிக்கொண்டே போகும் பாக்கிக்கு ஒவ்வொரு முறையும் புது மனு போடத் தேவையில்லை என்பது அதன் நடைமுறைப் பலன். இதைச் சொல்ல உச்ச நீதிமன்றம்வரை ஏற வேண்டியிருந்தது.

அமீனா வீட்டுக்கு வரும்போது

காகிதத்தில் வாரண்ட் என்பது பெரிய சொல். களத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

உரிமையியல் வழியில் போனால் ஜப்திக்கு வருபவர் அமீனா. கூடவே வீட்டைக் காட்ட டிக்ரிதாரர் தரப்பில் ஒருவர் போக வேண்டும். பெரும்பாலும் அந்தப் பெண்ணோ அவருடைய அண்ணனோ தம்பியோதான். எந்த வாசலிலிருந்து வெளியேறினாரோ அந்த வாசலிலேயே போய் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் டிவி மாமியார் வாங்கியது, பீரோ கொழுந்தனுடையது, பைக் நண்பருடைய பெயரில். உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை ஆகியவற்றில் சட்டப்படி கைவைக்க முடியாது. தொழிலாளி என்றால் அவர் தொழில் செய்யும் கருவிகளிலும் கைவைக்க முடியாது. மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகைக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60 விலக்கு தருகிறது. ஜப்தி செய்ய ஏதுமில்லை என்று அமீனா எழுதிக்கொடுப்பார். மனு அடுத்த வாய்தாவுக்குப் போகும்.

குற்றவியல் வழியில் வாரண்ட் காவல் நிலையத்துக்குப் போகிறது. கொலை, திருட்டு, பந்தோபஸ்துக்கு நடுவே ஜீவனாம்ச வாரண்ட் எந்த வரிசையில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. "குறிப்பிட்ட முகவரியில் ஆள் இல்லை" என்ற மேற்குறிப்போடு அது திரும்பும். ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, போலீசுக்குத் தகவல் சொல்லி, பல சமயம் வண்டிக்கும் ஏற்பாடு செய்து கொடுப்பது வரை மனுதாரர் தலையில்தான். இதனிடையே இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. முதலில் ஜப்திக்கு முயற்சி செய்து, அது பலிக்காத பிறகே சிறைக்கு அனுப்பலாம் என்பதுதான் பிரிவின் வாசகம். அவசரத்தில் நேரடியாகக் கைது வாரண்ட் பிறப்பித்த உத்தரவுகளைப் பல உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. சட்டப்படி அது சரிதான். பலன் என்னவென்றால், ஆறு மாத உழைப்பு போய் மறுபடி முதல் படியில் நிற்க வேண்டும்.

சிறை விஷயத்தில் 1988-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன ஒன்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிறைக்குப் போய்வந்தால் பாக்கி தீர்ந்துபோகாது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான நெருக்குதல். கட்டியதற்குச் சமமான கழிப்பு ஆகாது. "ஒரு மாசம் உள்ள இருந்துட்டு வந்துட்டேன், கணக்கு சரி" என்று வீராப்பாகச் சொல்லிக்கொண்டு திரிபவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்களுடைய கணக்கு அப்படியே நிற்கிறது. ஆனால் எத்தனை மாத பாக்கியானாலும் ஒரு தடவைக்கு ஒரு மாதச் சிறைதானா, பன்னிரண்டு மாத பாக்கிக்குப் பன்னிரண்டு மாதமா என்பதில் குழப்பம் தொடர்கிறது. 1999-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சுருக்கமான உத்தரவில் ஒரு மாதம்தான் என்றது. உயர் நீதிமன்றங்கள் சில அதை அப்படியே எடுத்துக்கொண்டன. சில, மாதத்துக்கு ஒரு மாதம் என்று கூட்டிக்கொண்டன.

உரிமையியல் சிறையில் இதைவிட வினோதமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. அங்கே அடைக்கப்படுபவரின் சாப்பாட்டுச் செலவை, அவரை அடைக்கச் சொன்ன டிக்ரிதாரர் முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் ஆளை விடுதலை செய்துவிடுவார்கள். வட்டிக்காரர் கடனாளியைச் சிறையில் தள்ளிய காலத்துக்கு எழுதப்பட்ட விதி அது. வட்டிக்காரரிடம் பணம் இருந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லை என்று நீதிமன்றம் வந்த பெண்ணிடம், சாப்பாட்டுக்குத் தராதவரின் சாப்பாட்டுக்குப் பணம் கட்டச் சொல்வதைச் சட்டம் இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை. அந்தச் செலவைப் பிறகு வழக்குச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது விதி. சேர்த்துக்கொண்டு யாரிடம் வசூலிப்பது?

சம்பளம்: சட்டத்தின் கை எட்டும் இடம்

இத்தனைக்கும் நடுவில் உண்மையிலேயே வேலை செய்யும் கருவி ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பது என் கருத்து.

சாதாரணக் கடன் டிக்ரிக்குச் சம்பளத்தை ஜப்தி செய்தால், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. ஜப்திக்கு உட்படும் சம்பளம் 31,000 என்று வைத்துக்கொண்டால், கடன்காரரின் கைக்கு 10,000 வரைதான் எட்டும். ஜீவனாம்ச டிக்ரிக்குச் சட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20,666 ரூபாய் வரை, பிடிக்கலாம். வங்கிக் கடனைவிட, சீட்டுப் பணத்தைவிட மனைவி குழந்தைகளின் சோறு முக்கியம் என்று சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்ட இடம் இது. சம்பளம் கொடுக்கும் அதிகாரி உத்தரவு கிடைத்த பிறகும் பிடிக்காமல் விட்டால், அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பாளியாகும்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் பிரிவு 20-இன் ஆறாவது உட்பிரிவின்படி, எதிர்மனுதாரர் பணம் கட்டத் தவறினால், அவருடைய முதலாளியையோ அவருக்குப் பணம் தர வேண்டியவரையோ பார்த்து, நேராகப் பெண்ணின் கையிலோ நீதிமன்றத்திலோ பணத்தைக் கட்டும்படி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். பணம் தர வேண்டியவர் என்பதற்குள் அவருடைய வீட்டில் குடியிருக்கும் வாடகைதாரரும் வருவார். சிறை வேண்டாம், அமீனா வேண்டாம், வாசலில் போய் நிற்க வேண்டாம். ஒரு கடிதம் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் போனால் போதும்.

ஆனால் இதிலும் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் பெண்தான். எதிர்மனுதாரர் எங்கே வேலை பார்க்கிறார், பணியாளர் எண் என்ன, எந்த வங்கி என்றெல்லாம் மனுவில் எழுத வேண்டும். பிரிந்து மூன்றாண்டு ஆனவருக்கு இது எப்படித் தெரியும்? உத்தரவு வருவதற்கு முதல் வாரம் வேலையை விட்டுவிட்டு, வந்த மறுவாரம் இன்னொரு நிறுவனத்தில் சேர்பவர்கள் உண்டு. சம்பளச் சீட்டில் 14,000 காட்டிவிட்டு மீதியைக் கையில் வாங்குபவர்களும் உண்டு.

இதற்கான பதில்தான் 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி அமர்வு. நாக்பூர் குடும்பநல நீதிமன்றம் மனைவிக்கு 15,000-மும் மகனுக்கு முதலில் 5,000-மும் பிறகு 10,000-மும் இடைக்கால ஜீவனாம்சமாக நிர்ணயித்த வழக்கு அது. இடைக்கால மனு ஒன்று ஆண்டுக்கணக்கில் இழுத்ததைப் பார்த்த நீதிமன்றம், நாடு முழுமைக்குமாகச் சில நெறிமுறைகளை வகுத்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும். ஒரே ஆளிடம் பல சட்டங்களின் கீழ் பெறும் தொகைகளை ஒன்றோடொன்று கழித்துக்கொள்ள வேண்டும். நமக்கு முக்கியமானது: ஜீவனாம்ச உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தின் பண டிக்ரியைப்போலவே, சம்பள ஜப்தி, சொத்து ஜப்தி, சிறை என்று எல்லா வழிகளிலும் நிறைவேற்றலாம்.

நல்ல தீர்ப்பு. அதுவும் நிறைவேற்றப்பட வேண்டிய ஒரு தீர்ப்புதான் என்பது இதிலுள்ள வேடிக்கை. பிரமாணப் பத்திர விதியைக் கீழமை நீதிமன்றங்கள் சரிவரப் பின்பற்றவில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டு, தீர்ப்பை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் மறுபடி அனுப்பச் சொன்னது.

வில்லங்கச் சான்றில் தெரிவதும் தெரியாததும்

சம்பளக்காரரைவிடச் சொத்துக்காரரைப் பிடிப்பது எளிது என்று தோன்றும். வழக்கு வரப்போகிறது என்ற வாசனை வந்தவுடனே நடக்கும் முதல் காரியம், வீடு அம்மாவுக்கோ அண்ணனுக்கோ செட்டில்மென்ட் பத்திரமாக எழுதப்படுவது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மணி நேர வேலை. உத்தரவு வரும்போது எதிர்மனுதாரர் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இருக்காது.

இதற்குச் சட்டத்தில் மருந்து உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 39, ஒரு சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமையுள்ளவர் இருக்கும்போது, அந்த உரிமை தெரிந்தே வாங்கியவரிடமும், காசு கொடுக்காமல் தானமாகப் பெற்றவரிடமும் அந்த உரிமையை வலியுறுத்தலாம் என்கிறது. அண்ணனுக்கு எழுதிய செட்டில்மென்ட் இரண்டாவது வகை. வழக்கு நடக்கும்போதே, தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்கலாம். ஜப்தி ஆன பிறகு செய்யும் தனிப்பட்ட விற்பனை, ஜப்தி கேட்டவரைக் கட்டுப்படுத்தாது. ஆக, வழக்கு போடும் வாரத்திலேயே வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதும், சொத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்தக் கேட்பதும் தீர்ப்புக்குப் பிறகு நாலு வருடம் அலைவதைவிடப் பலன் தரும். பல வழக்குகளில் யாரும் இதைச் செய்வதில்லை. மனைவி தரப்பில் அப்போதைய கவலையெல்லாம் மாதத் தொகை எவ்வளவு என்பதிலேயே இருக்கும்.

வங்கிக்கும் மனைவிக்கும் போட்டி வந்தால்? 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. ஜீவனாம்சம் பெறும் உரிமை வாழும் உரிமையின் பகுதி. திவால் சட்டம், வங்கிக் கடன் மீட்புச் சட்டம் ஆகியவற்றின் கீழ் கடன் கொடுத்தவர்களுக்கு உள்ள உரிமையைவிட அதற்கு முன்னுரிமை உண்டு. தேவைப்பட்டால் அசையாச் சொத்தை ஏலம்விட்டு பாக்கியைத் தீர்க்கலாம் என்றது. இது அடிமட்டம்வரை போய்ச் சேர்ந்தால் பெரிய மாற்றம்.

வெளிநாடு போய்விட்டவர்கள் தனி அத்தியாயம். ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் போன்ற நாடுகளோடு டிக்ரிகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாடு இருக்கிறது. அமீரகம் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2020 ஜனவரியில்தான். அமெரிக்கா பட்டியலிலேயே இல்லை. நடைமுறையில் அதிகம் உதவுவது பாஸ்போர்ட். நீதிமன்றம் சம்மனோ கைது வாரண்டோ பிறப்பித்திருக்கிறது என்று தெரிவித்தால், 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 10-இன்படி அதை முடக்கி வைக்கலாம். இதுவரை ஒரு ரூபாய் அனுப்பாதவர், விசா புதுப்பிக்கும் நேரத்தில் மொத்த பாக்கியையும் கட்ட முன்வருவது உண்டு.

பணம் எப்போது வருகிறது?

இதில்தான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நடைமுறையில் ஜீவனாம்ச பாக்கி பெரும்பாலும் எப்போது வசூலாகிறது என்று பாருங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தில், இரண்டாவது மனு விசாரணை நாளில், நீதிபதி முன்பு டி.டி. கைமாறுகிறது. கீழ் நீதிமன்ற உத்தரவுக்கு உயர் நீதிமன்றத்தில் தடை கேட்கும்போது, பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினால்தான் தடை என்று நிபந்தனை விழுகிறது, பணம் வருகிறது. பாஸ்போர்ட் வேண்டும், இரண்டாம் கல்யாணம் செய்ய விவாகரத்து வேண்டும், தன் மனுவை விசாரிக்க வேண்டும் என்ற நிலை வரும்போது வருகிறது. அதாவது, கட்டவேண்டியவருக்கு நீதிமன்றத்திடமிருந்து ஏதோ ஒன்று தேவைப்படும்போது. தேவை எதுவும் இல்லாதபோது, அவரை அசைக்கும் வலிமை உத்தரவுக்கு இல்லை. உத்தரவைத் தொடர்ந்து மீறுபவரின் எதிர்வாதத்தை நீக்கிவிடும் அதிகாரமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்; கடைசிக் கட்டத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2020 தீர்ப்பே எச்சரித்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டாதவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் இல்லை. வேலை போனவர், விபத்தில் படுத்தவர், தொழில் நொடித்தவர் உண்டு. அவர்களுக்காகத்தான் தொகையை மாற்றக் கோரும் வழி சட்டத்தில் இருக்கிறது. வருமானம் குறைந்த மாதமே அந்த மனுவைப் போட்டுவிட்டால் பாக்கி மலையாக ஏறாது. ஆனால் வக்கீலைப் பார்க்காமல், வாய்தாவுக்கும் போகாமல், வாரண்ட் வரும்வரை காத்திருந்துவிட்டு "என்னிடம் இல்லை" என்பவர்களே அதிகம். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொல்வதும் ஒரு தரப்பின் ஏகபோகம் கிடையாது. சம்பாதிக்கும் மனைவி வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுத்த வழக்குகளும் இருக்கின்றன.

குழந்தையைப் பார்க்கும் உரிமை தொடர்பான உத்தரவுகளில் கதை திரும்பி நிற்கும். அங்கே நிறைவேற்றக் கேட்டு அலைவது பெரும்பாலும் தகப்பன். பணத்தைப்போலக் குழந்தையை ஜப்தி செய்ய முடியாது. போலீசை வைத்து இழுத்து வந்து மடியில் உட்கார வைக்கவும் முடியாது. "பணம் தரவில்லை, அதனால் பிள்ளையைக் காட்ட மாட்டேன்", "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் தர மாட்டேன்" என்று இரண்டையும் முடிச்சுப் போடுவது சட்டத்தில் செல்லாது. இரண்டும் குழந்தைக்கு உரியவை. பெற்றோர் பேரம் பேசும் பொருள்கள் ஆகா.

உத்தரவிலேயே வசூலும்

அமெரிக்காவில் 1994 முதல், குழந்தைப் பராமரிப்புக்கான புதிய உத்தரவுகளில் சம்பளப் பிடித்தம் பொதுவிதி. கட்டத் தவறும்வரை காத்திருப்பதில்லை. முதல் மாதத்திலிருந்தே முதலாளி பிடித்துக் கட்டுகிறார். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாது. ஜெர்மனியில் ஒரு பெற்றோர் பணம் தராவிட்டால் அரசு குழந்தைக்கு ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் வசூல் செய்துகொள்கிறது. 2017 முதல் 18 வயது வரை இந்த உதவி உண்டு. முதல் முறை சம்பளக்காரருக்குப் பொருந்தும். கொத்தனார், ஆட்டோ ஓட்டுநர், சிறுகடைக்காரர் நிறைந்த நம் ஊருக்கு இரண்டாவது முறையே அதிகம் தேவை. பணம் வசூலாகுமா என்ற ஆபத்தைச் சுமக்க வேண்டியது அரசா, ஆறு வயதுக் குழந்தையா என்பதுதான் கேள்வி.

அந்த அளவுக்குப் போக அரசின் மனமும் நிதியும் வேண்டும். அதுவரை, புதுச் சட்டம் எதுவும் இல்லாமலே ஒரு குடும்பநல நீதிபதி செய்யக்கூடியவை இருக்கின்றன. ஜீவனாம்ச உத்தரவிலேயே பெண்ணின் வங்கிக் கணக்கு எண்ணைக் குறிக்கலாம். எதிர்மனுதாரர் சம்பளக்காரர் என்று பிரமாணப் பத்திரத்தில் தெரிந்தால், ஒரு மாதம் தவறினாலே பிடித்தம் செய்யும்படி நிறுவனத்துக்குக் கடிதம் போகும் என்று அதே உத்தரவில் எழுதிவிடலாம். வேலை மாறினால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். வீடு, நிலம் இருந்தால் அதன்மீது பொறுப்பு ஏற்படுத்தி, சார்பதிவாளருக்கு நகல் அனுப்பலாம். நிறைவேற்று மனுவைத் தனி வழக்காகப் புது எண் கொடுத்துப் பின்வரிசையில் நிறுத்தாமல், மாதம் ஒரு நாள் பாக்கிப் பட்டியலை மட்டும் கூப்பிடலாம். தொகை எவ்வளவு என்று பத்துப் பக்கம் எழுதும் நீதிமன்றங்கள், அது எப்படிக் கைக்கு வரும் என்று அரைப் பக்கம் எழுதினால், இங்கே சொன்ன அலைச்சலில் பாதி குறையும்.

கையில் உத்தரவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் வராத முதல் மாதமே தேதியோடு குறித்து வையுங்கள். சமரசப் பேச்சு நடக்கட்டும். ஆனால் பன்னிரண்டாவது மாதம் முடிவதற்குள் நிறைவேற்று மனு நீதிமன்றத்தில் எண்ணாகியிருக்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்று நின்றுவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. அதற்கு வருமான வரம்பு கிடையாது. நிறைவேற்று மனுவுக்கும் அது பொருந்தும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும்.